பித்தளை மூக்கு

மகளின் பள்ளி வேலைக்காகப் பசைக் குப்பியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. குவைத்தின் மங்காஃபில் நான் ஐந்தாவது படித்தபோது, தமிழ்ச் சங்க மாறுவேடப் போட்டிக்காக அம்மா இதே பசையால் என் மூக்கில் பித்தளை நிறத் தாளை ஒட்டிவிட்டார். டைக்கோ பிராகே வேடம். வாள்சண்டையில் மூக்கை இழந்து, பித்தளை மூக்கு பொருத்திக்கொண்டவர். தொலைநோக்கி வருவதற்கு முன்பே வெறுங்கண்ணால் விண்மீன்களைத் துல்லியமாக அளந்த வானியலாளர்.

நான் பேசுமுன், நடுவராக வந்த சங்கத் தலைவர் பிரியாணிக் கையாலேயே தாளைப் பிய்த்தார். தோலும் சேர்ந்து வந்தது.

"மூக்கறுந்த பயலா? கலாஸ், முடிஞ்சுது, அடுத்த புள்ளய வரச்சொல்லு!" என்றார். சபையே சிரித்தது.

"அவ இன்னும் பேசவே இல்லீங்களே," என்றார் அம்மா.

தலைவர் அந்தத் தாளைத் தன் எச்சில் தட்டில் போட்டார்.

எரியும் மூக்கோடு, மனப்பாடம் செய்திருந்ததைக் கடைசி வரிவரை சொல்லி முடித்தேன். அவர் பல் குத்திக்கொண்டிருந்தார்.