அக்கா கேட்டு வாங்கிய மூலநிரல்

கனடாவிலிருந்து அக்கா எதை அனுப்பினாலும் அது பிறந்தமேனியாகத்தான் வந்து சேரும். பெட்டி இராது, உறை இராது, விலைத்துண்டு இராது, லேபல் இராது. புதுச்சாமான் என்று கண்டால் சுங்கத்தில் மறித்து வரி கேட்பார்கள் என்ற பயம் எங்கள் ஊரிலிருந்து போன எல்லோருக்கும் உண்டு. அக்காவுக்கு அது கொஞ்சம் கூட. கோழிக்கு இறகு பிடுங்குவதுபோல ஒவ்வொரு சாமானிலும் ஒட்டியிருப்பதையெல்லாம் உரித்தெடுத்து, துவாய்க்குள் சுற்றி, பால்மாவுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் செருகிக் கப்பல் பார்சலில் போட்டுவிடுவாள்.

என் ஒசிலோஸ்கோப்பும் அப்படித்தான் வந்தது. மின்சாரம் ஒரு கருவிக்குள் எப்படி ஓடுகிறது என்பதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் பெட்டி அது. அக்கா அதைக் "கோடு போடுற ரீவி" என்பாள். பிஸ்கட் தொழிற்சாலையில் மேலதிக நேரம் நின்று உழைத்து வாங்கிய கோடு போடுகிற ரீவி. கொழும்பில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை உதறிவிட்டு வந்து, கொக்குவிலில் எங்கள் வீட்டு மதிலோரத்து அறையில் நான் திருத்தகம் தொடங்கியிருந்த நேரம் அது. குருநகர்ப் படகுகளின் ஆழம் பார்க்கும் கருவிகள், சோலார் இன்வேட்டர்கள், ஒலிபெருக்கிகள் என்று கண்டதும் வரும். அக்காவின் பெட்டி வரும்வரை நான் ஊகத்தில் உறுப்பு மாற்றிப் பார்க்கும் ஆளாக இருந்தேன். அது வந்தபிறகு, எது பழுது என்று வாய்திறந்து சொல்லக்கூடிய ஆளானேன்.

அதில் ஒரேயொரு குறை. எங்கள் பக்கத்தில் கரண்ட் கண் சிமிட்டுவது வழக்கம். போய், மூச்சு விடுமுன் வந்துவிடும். மின்விசிறி அதைப் பொருட்படுத்தாது. என் ஒசிலோஸ்கோப்போ, முதலில் கம்பனியின் சின்னத்தைக் காட்டி, பிறகு தன்னைத்தானே பரிசோதித்து, பிறகு எதையோ யோசித்து, மாப்பிள்ளை மணவறைக்கு வருவதுபோல ஆறுதலாக எழும்பும். ஒரு பழுதைப் பாதி பிடித்திருக்கும்போது இது நடந்தால் எனக்கு வருகிற கோபத்தை எழுத முடியாது.

இணையத்தில் இப்படிப்பட்ட கருவிகளைக் குடைகிறவர்கள் கூடும் மன்றம் ஒன்று இருக்கிறது. அதில் யாரோ ஒருவர், இதே கருவியை விரைவாக எழும்பச் செய்யும் மாற்றிய ஃபேர்ம்வெயரைப் போட்டிருந்தார். கருவியைப் பிறப்பிலிருந்து நடத்துகிற உள்மென்பொருள்தான் ஃபேர்ம்வெயர். கோப்பு இரண்டு வகை. கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை பழையதென்றால் ஒன்று, புதியதென்றால் மற்றது. எது என்பது பின்பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும் என்றிருந்தது. கருவியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் நீள்சதுரமாக இருந்தது. பலகையில் அச்சிட்ட எண்ணோ தகரமூடிக்குக் கீழே. எனக்குப் பொறுமை எப்போதும் மட்டு. புதியது என்று நினைத்துக்கொண்டு ஏற்றினேன். அது பழையது.

திரை கறுத்தது. பிறகு எந்தப் பொத்தானை அழுத்தியும் அது மூச்சுக் காட்டவில்லை.

மேசையில் அப்போது குருநகர்க்காரர் ஒருவருடைய ஆழம் பார்க்கும் கருவி திறந்தபடி கிடந்தது. சாந்தமான மனிதர். அதுவே பெரிய தொல்லை, ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன்.

"பிள்ளை, சோளகக் காத்து முடிய முந்தித் தருவியளோ?" என்றார்.

"பாக்கிறன் அண்ணை. என்ரை கருவிதான் இப்ப படுத்திட்டுது."

"அப்ப அதுவரைக்கும் ஆழம் பாக்கக் கயிறும் ஈயக்குண்டும்தான்" என்று சிரித்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை வேறு இரண்டு பேர் தங்கள் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். புது ஒசிலோஸ்கோப் வாங்க என்னால் முடியாது. இது எழும்பாவிட்டால் அறையைப் பூட்டிவிட்டு மறுபடி கொழும்பு பஸ் ஏறவேண்டியதுதான். கொழும்பில் நான் விட்டுவந்த கதிரை இன்னும் சூடு ஆறாமல் இருப்பதாக அங்கிருந்த நண்பி ஒருத்தி வேறு சொல்லிக்கொண்டிருந்தாள்.

வழி ஒன்று இருந்தது. நான் கெடுத்தது, கருவியை எழுப்பிவிடுகிற தொடக்கநிரலை மட்டும்தான். அளந்து கோடு போடுகிற நிரல் உள்ளே சேதமில்லாமல் இருந்தது. அது கம்பனியின் சொந்த இரகசியம், எனக்கு வேண்டியதுமில்லை. தொடக்கநிரல் அப்படியல்ல. அது உலகத்தில் முகம் தெரியாத பலர் எழுதி, எல்லோருக்கும் பொதுவாக விட்ட கட்டற்ற மென்பொருள். கம்பனிகள் அதை எடுத்துப் பாவிக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதன் மூலநிரலை, அதாவது ஆட்கள் வாசித்துத் திருத்தக்கூடிய எழுத்து வடிவத்தை, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் அவர்கள் உரிமத்தில் போட்ட நிபந்தனை. மூலநிரல் கையில் கிடைத்தால் என் பலகைக்கு ஏற்றபடி அதைத் திரும்பக் கட்டி ஏற்றிவிடுவேன். அப்படிக் கேட்கலாம் என்று சொல்லும் துண்டு ஒன்றும் கருவியின் அட்டைப்பெட்டிக்குள் இருந்திருக்கும். அந்தப் பெட்டி கனடாவில் எந்தக் குப்பைமேட்டில் கிடக்கிறதோ.

கம்பனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். கிணற்றில் போட்ட கல். இன்னொன்று எழுதினேன். உங்கள் கோரிக்கை உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்றார்கள். மூன்றாவது, கொஞ்சம் காரமாக. அதற்குத்தான் ஒழுங்கான பதில் வந்தது: கருவியின் பின்புறத்திலுள்ள தொடரிலக்கத்தைத் தெரிவிக்கவும்.

அன்று அக்காவுக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே வெடித்தேன்.

"ஏன் அக்கா அந்த ஸ்டிக்கரைக் கிழிச்சனீங்கள்? அதிலைதானே எல்லாம் இருந்தது!"

"சுங்கத்திலை பிடிப்பாங்கள் எண்டு நினைச்சனான். உனக்குக் கரைச்சல் வரக்கூடாதெண்டுதான்."

"இப்ப கருவியே செத்துப்போச்சு. உங்களுக்குப் பிடுங்கிறதைத் தவிர வேறை ஒண்டும் தெரியாதோ?"

மேலும் ஏதேதோ வாய்க்கு வந்தபடி சொன்னேன். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அவங்கடை ரெலிபோன் நம்பரை அனுப்பு."

கம்பனியின் கனடாக் கிளை இலக்கத்தை அனுப்பினேன். கேட்கவேண்டிய ஆங்கில வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியும் அனுப்பினேன். இன்ன உரிமத்தின்படி இந்தக் கருவியின் தொடக்கநிரலுக்குரிய மூலநிரலைக் கேட்கிறேன் என்பது அதன் பொருள். நம்பிக்கையில் அனுப்பவில்லை. அவள் கேட்டாளே, தொலையட்டும் என்றுதான்.

அதற்குப் பிறகு என் காலைத் தேநீர் அக்காவின் குரற்செய்தியோடுதான். வசனத்தைச் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைத்திருந்தாளாம். மதிய இடைவேளையில் ஒரு கையில் போன், மறுகையில் சோறு.

"இண்டைக்கும் பாட்டுப் போட்டு வைச்சிருந்தவங்கள். பாட்டு நல்லம். பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை லைனிலை வந்தவ. சீரியல் நம்பர் கேட்டவ. இல்லையெண்டனான். அப்ப ஒண்டும் செய்யேலாதாம். நாளைக்குப் பாப்பம்."

மறுநாள்: "அதே பிள்ளைதான். என்ரை குரலைக் கேட்டோடனையே சிரிக்கிறா. மேலை கேட்டுச் சொல்லுறாவாம்."

பிறகொரு நாள்: "பிள்ளை லீவாம். வேறை ஒருத்தன். அவனுக்கு ஒண்டும் விளங்கேல்லை. முழுக்க முதலிலை இருந்து சொன்னனான்."

நான் காரசாரமாக எழுதி, சட்டம் பேசி, உரிமத்தின் பிரிவையெல்லாம் காட்டி அசைக்க முடியாத கம்பனியை அக்கா ஒரு நாளும் குரலை உயர்த்தாமல் அரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் விடாக்கண்டி நான்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு காலை வந்த செய்தி நீளமாக இருந்தது. எஞ்சினியர் ஒருவர் தானே அவளை அழைத்திருந்தார்.

"நீங்கள் புரோகிராம் எழுதுற ஆளோ எண்டு கேட்டார். இல்லை, பிஸ்கட் அடுக்கிற ஆள் எண்டன். அப்ப உங்களுக்கு உது என்னத்துக்கு எண்டார். எனக்கில்லை, என்ரை தங்கச்சிக்கு எண்டன். ஸ்டிக்கரைக் கிழிச்சது நான், பிழை என்னிலை, அதுக்காக அவளின்ரை அறையைப் பூட்ட வைச்சுப்போடாதையுங்கோ எண்டன். அதுக்கு அவர், சீரியல் நம்பர் தேவையில்லை, கேக்கிற ஆருக்கும் குடுக்கத்தான் வேணும், நாங்கள் உங்களை அலைக்கழிச்சுப் போட்டம், குறை நினைக்காதையுங்கோ எண்டார்."

அறையைப் பூட்டுவதைப்பற்றி நான் அக்காவிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. சரமாரியாக ஏசினேனே தவிர அதைச் சொல்லவில்லை. அந்த ஏச்சுக்குள்ளிருந்து அவள் அதை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறாள். தேநீர் ஆறிப்போகும்வரை அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எஞ்சினியர் எனக்கும் எழுதினார். தகரமூடியைக் கழற்றிப் பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். படத்தைப் பார்த்து எந்த வகை என்று சொன்னதோடு, நிரலை நினைவகத்தில் எந்த இடத்தில் எழுதவேண்டும் என்பதையும் குறித்து அனுப்பினார். உரிமம் அவரை அந்த அளவுக்குக் கட்டாயப்படுத்தவில்லை. அது அவருடைய நல்ல மனம். அவருக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். பேரும் நட்சத்திரமும் கேட்ட ஐயருக்குப் பேரைச் சொன்னேன், நட்சத்திரம் தெரியாதென்றேன். அதற்கும் ஒரு வழி ஐயரிடம் இருந்தது.

மூலநிரலை டிஸ்க்கில், கனடா முகவரிக்குத்தான் அனுப்புவோம் என்பது கம்பனியின் ஒழுங்கு. அக்காவிடம் அதைப் போட்டுப் பார்க்கக் கணினி இல்லை. ஆனால் அவள் தெருவில் கரவெட்டிக்காரர் ஒருவர் இருந்தார், கலியாணம் ஒன்றுக்கு ஊருக்கு வர இருந்தார். வந்த கையோடு கொக்குவிலுக்கு ஓட்டோ பிடித்து வந்துவிட்டார்.

"உன்ரை அக்கா உதைச் சூட்கேசுக்குள்ளை வைக்க விடேல்லை, பிள்ளை. பிளேன் முழுக்க மடியிலை வைச்சுக்கொண்டு வந்தனான். உறையைக் கிழிச்சால் கதை வேறையாம். இந்தா, முதல் வேலையாய் உன்னட்டைத் தந்திட்டன், இனித்தான் எனக்கு நித்திரை."

கம்பனியின் உறை ஒட்டியபடியே இருந்தது. அதற்குமேல் ஒரு பொலித்தீன் பை, அதற்கும் மேல் இன்னொன்று. கூடவே எனக்கென்று ஒரு சாமான்பை. அதைத் திறந்தேன். சவர்க்காரம் பெட்டியோடு இருந்தது. சொக்கிளேற் கடைப்பையோடு, பற்றுச்சீட்டோடு இருந்தது. துவாயில் அட்டை. பேனைகளில் விலைத்துண்டு. எனக்கு வாங்கிய நீலச் சட்டையில் விலைத்துண்டு, கழுவும் முறை சொல்லும் துண்டு, உபரிப் பொத்தான் வைத்த குட்டிப் பை, எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றையும் அவள் தொடவில்லை. எதை உரித்தால் எனக்கு என்ன நட்டம் வருமோ என்று பயந்திருக்கிறாள். முதலில் சிரித்தேன். பிறகு கரவெட்டிக்காரர் இருப்பதையும் பாராமல் அழுதேன். அவர் பாவம், சட்டை அளவில்லையாக்கும் என்று நினைத்துவிட்டார்.

டிஸ்க் போட இடமுள்ள பழைய மடிக்கணினி ஒன்றை இரவல் வாங்கி டிஸ்க்கைப் போட்டேன். பலகையில் மறைவாக இருந்த புள்ளிகளில் மெல்லிய கம்பிகளை ஒட்டி, கட்டிய நிரலை ஏற்றினேன். முதல்முறை சரிவரவில்லை. மறுநாள் மதியம், வீட்டில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்த நேரம், திரையில் மஞ்சள் கோடு ஒன்று ஓடியது. கம்பனிச் சின்னத்தையும் அந்த வெட்டி யோசனையையும் நான் எடுத்துவிட்டிருந்தேன். இப்போது கரண்ட் கண் சிமிட்டினால் அதுவும் சிமிட்டிவிட்டு எழும்பும். என் மாற்றங்களை மன்றத்தில் போட்டேன், எஞ்சினியருக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். குருநகர்க்காரர் தன் கருவியை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் ஒரு பை நிறைய இறாலோடு வந்தார்.

எங்கள் வீட்டில் அக்காவுக்கு நன்றி சொல்கிற வழக்கமே இல்லை. சொன்னால் ஏதோ பிரச்சினை என்று பயந்துபோவாள். என்றாலும் அன்று வீடியோவில் அந்த மஞ்சள் கோட்டைக் காட்டி, "நீங்கள் செய்தது பெரிய உபகாரம் அக்கா, ஏசினதை மனதிலை வைச்சிருக்காதையுங்கோ" என்றேன்.

"உதை விடு. அந்த ரீவி வேலை செய்யுதோ?"

"ஓம்."

"அப்ப அந்தச் சட்டையின்ரை விலைத்துண்டை இனிக் கிழிக்கலாமோ?"

கிழித்தேன். ஆனால் எறியவில்லை. ஒசிலோஸ்கோப்பின் பின்பக்கத்தில் பழைய பசையடையாளம் இருந்த நீள்சதுரத்தில் அதை ஒட்டிவைத்திருக்கிறேன்.