தண்ணி டீச்சர் மறுபடியும் குளத்தில் இறங்கிய கதை

நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறவளை எல்லோரும் தண்ணி டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நடுத்தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தன் பெண்டாட்டி எதைக் கற்றுக்கொடுக்கிறாளோ என்று ஊரே சந்தேகப்படும் என்று அவள் கணவன் அலுத்துக்கொள்வான். அவன் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவன். குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அவனுடைய கடை. ரெக்சின் வாசனையோடு அவனும் குளோரின் வாசனையோடு அவளும் வீடு திரும்பினால், எந்த வாசனை மோசம் என்பதில் இருவருக்கும் தினம் ஒரு சண்டை உண்டு.

அவளிடம் வருகிறவர்கள் நாற்பதைத் தாண்டியவர்கள். தண்ணீரைக் கண்டாலே பத்தடி பின்வாங்குகிற ரகம். முதல் நாள் யாரையும் அவள் குளத்தில் இறக்க மாட்டாள். கரையில் உட்கார வைத்து, காலை மட்டும் நனைக்கச் சொல்லிவிட்டு, ஊர்க்கதை பேசுவாள். ஒரு போலீஸ்காரர் ஆழமில்லாத பக்கத்துக் கம்பியைப் பிடித்த பிடியை விடவே மாட்டேன் என்றார். அவருடைய மேலதிகாரியைப் பற்றி அவள் மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தாள். மனுஷர் கொதித்துப்போய் இரண்டு கைகளையும் வீசித் திட்டிக்கொண்டிருந்தார். நடுவில்தான், கம்பி தனக்குப் பின்னால் எங்கேயோ இருப்பதைக் கவனித்தார்.

அப்படிப்பட்டவளுக்குக் குடலில் புண் வந்தது. வந்தது என்றால் ஒரு நாளில் வரவில்லை. வருஷக்கணக்கில் அவளை அரித்தது. பாதி வகுப்பில் ஓடுவாள். எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் கழிப்பறையைத் திறந்துவிடுவார் என்பது அவளுக்கு அத்துப்படி. உடம்பு துரும்பாக இளைத்தது. மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைவிரித்த பிறகு, மருத்துவர்கள் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியைத் தொப்புளுக்கு வலப்பக்கம் சின்னத் துளை வழியாக வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். இனிமேல் வெளியேற வேண்டியது அந்த வழியாகத்தான் வரும். அதன் மேல் ஒரு பை ஒட்டியிருக்கும். நிரம்ப நிரம்பக் காலி செய்ய வேண்டும்.

முதல் சில நாட்கள் அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. நர்ஸ் பை மாற்றும்போது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தது அவள் கணவன்தான். பையின் ஒட்டும் பகுதியில் துளையின் அளவுக்குச் சரியாக வட்டம் வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் தோல் புண்ணாகிவிடும், சின்னதாக வெட்டினால் குடலை அழுத்தும். நர்ஸ் வெட்டியதை இரண்டு தடவை பார்த்தவன், மூன்றாவது தடவை கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினான்.

"குடுங்க சிஸ்டர். நாள் பூரா வளைவு வெட்டுறவன் நான்."

அவன் வெட்டியது அச்சாகப் பொருந்தியது. அவள் அன்றைக்குத்தான் தலையைத் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். உதட்டின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக, சின்னதாக இருந்தது. இதற்கா இத்தனை பயம் என்று தோன்றியதாம். பிறகு நிறைய அழுதாளாம். இரண்டையும் அவளே சொல்வாள்.

உடம்பு தேறியதும், நீந்தலாம் என்று மருத்துவரும் நர்ஸும் சொன்னார்கள். அவள்தான் நம்பவில்லை. கணவன் பையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கிற மாதிரி ஓர் அகலமான எலாஸ்டிக் பட்டை தைத்துக் கொடுத்தான். குளத்தின் மேலாளரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, குளம் திறப்பதற்கு முன்னால் ஒரு காலையில் இருவரும் போனார்கள். அவன் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. அவள் இறங்கி, மெல்லக் கையை நீட்டி, ஒரு முழு நீளம் போய்த் திரும்பினாள். பை அசையவில்லை. மறுபடி போனாள். அடுத்த தடவை நடுக் குளத்தில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே மிதந்தாள். கரைக்கு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. குளோரின் அதிகமாகிவிட்டது என்றாள். அவனும் ஆமாம் என்றான்.

வேலைக்குத் திரும்பினாள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டியது, கன்னத்தில் சதை பிடித்தது. முன்னைவிட இளமையாக இருக்கிறீர்களே, ரகசியம் என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். அந்த நல்ல தோற்றம்தான் வினையாகப் போனது.

பையைக் காலி செய்யத் தனியாக இடம் வேண்டும். உள்ளேயே குழாயும் தொட்டியும் இருக்க வேண்டும், கொஞ்சம் நேரமும் பிடிக்கும். குளத்தில் அப்படி இருந்தது ஒரே ஓர் அறை. கதவில் சக்கர நாற்காலிப் படம் போட்ட கழிப்பறை. அவள் அதைத்தான் பயன்படுத்தினாள். ஒரு நாள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, எதிரே பேக்கரி அம்மா நின்றிருந்தாள். சந்தைக்கு எதிரில் பேக்கரி வைத்திருப்பவள், டீச்சரின் வகுப்பிலேயே புதிதாகச் சேர்ந்தவள். மூட்டு பிடித்துப்போன மாமியாரைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து, வெதுவெதுப்பான சின்னக் குளத்தில் பயிற்சிக்கு விட்டுவிட்டு, அந்த நேரத்தில் தானும் நீந்தக் கற்றுக்கொண்டிருந்தாள். விடியற்காலையில் அடுப்பு பற்றவைத்தவள், முகத்தில் தூக்கம் அப்படியே ஒட்டியிருந்தது. அவளுக்கு முன்னால் நாற்காலியில் இருந்த மாமியாரின் பாவாடை நனைந்திருந்தது. கதவு திறக்கக் காத்திருந்து, அடக்க முடியாமல் போய்விட்டது.

"கை நல்லா இருக்கு, கால் நல்லா இருக்கு. டீச்சர்னா எந்தக் கதவை வேணும்னாலும் திறந்துக்கலாமா?"

குரல் கூடமெல்லாம் கேட்டது. உடை மாற்றும் அறையிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ஆரோக்கியமான ஆட்கள் இப்படி இடத்தைப் பிடித்துக்கொண்டால் முடியாதவர்கள் எங்கே போவார்கள் என்று யாரோ ஒத்து ஊதினார்கள். தனக்கும் தேவை இருக்கிறது என்று டீச்சர் தணிந்த குரலில் சொன்னாள். என்ன தேவை என்று பேக்கரி அம்மா விடாமல் கேட்டாள். அத்தனை முகங்களுக்கு நடுவில் என்ன சொல்வது? டீச்சர் குனிந்து கிழவியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நாற்காலியை உள்ளே தள்ள உதவப் போனாள். பேக்கரி அம்மா கையைத் தட்டிவிட்டாள்.

புகார் மேலாளரிடம் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, வாய்தான் நிற்காது. தன் ஊழியரைக் காப்பாற்றுகிற வேகத்தில், டீச்சருக்கு ஆபரேஷன் ஆகி வயிற்றில் பை இருக்கிறது என்று அவிழ்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் செய்திக்குக் காது மூக்கெல்லாம் முளைத்துவிட்டது. நேற்றுவரை அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று சண்டை போட்டவர்கள், இன்றைக்கு அவளுக்கு அது இருக்கிறதே என்று சண்டை போட்டார்கள். அந்தப் பையோடு நாம் இறங்குகிற தண்ணீரிலா? வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் அவளிடமிருந்து ஒரு கை தள்ளியே நின்றார்கள். போலீஸ்காரர் மட்டும் வழக்கம்போல அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, மேலதிகாரியைத் திட்டினார்.

விஷயம் ஆறும்வரை வாசல் கவுன்ட்டரில் உட்காரச் சொன்னார் மேலாளர். எல்லாம் அவள் நல்லதுக்குத்தானாம்.

கணவன் கொதித்துப் போனான். வேலையை அவர் முகத்திலேயே விட்டெறிந்துவிட்டு வரச் சொன்னான். இரண்டு நாள் அவளும் அந்த யோசனையில்தான் வீட்டிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் அலமாரியிலிருந்து புதுப் பை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அவனிடம் நீல மை கேட்டாள். எதற்கு என்று சொன்னதும் அவனுக்கு மறுபடி கோபம் வந்தது.

"நீ எதுக்கு அவங்களுக்கு நிரூபிக்கணும்?"

"நிரூபிக்கலப்பா. தண்ணியப் பார்த்துப் பயப்படுறாங்க. அந்தப் பயத்துக்குப் பாடம் நடத்துறதுதானே என் வேலை."

மேலாளரிடம் அவள் கேட்டது ஒரே ஒரு வகுப்பு. அதற்குப் பிறகும் வேண்டாம் என்கிறவர்களை வேறு டீச்சரிடம் அனுப்பிவிடலாம், கவுன்ட்டரில் மட்டும் தன்னை உட்கார வைக்கக் கூடாது என்றாள். தன் வாயால் வந்த வினை என்பது அவருக்கும் உறுத்தியிருக்க வேண்டும். தானே எல்லோரையும் கூப்பிட்டு வரவழைத்தார்.

வந்தார்கள். வேடிக்கை பார்க்கவும் சிலர் வந்தார்கள். டீச்சர் எல்லோரையும் முதல் நாள்போல் கரையில் உட்கார வைத்தாள். தனக்கு என்ன நோய், என்ன வெட்டினார்கள், எது எங்கே வருகிறது என்பதை, கையை எப்படி வீசுவது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்றாள். வாசம் வருமா என்று ஒருத்தி கேட்டாள். சரியாக ஒட்டினால் வராது, ஒட்டாத நாளில் முதலில் தனக்குத்தான் தெரியும் என்றாள். தூங்கும்போது என்ன செய்வீர்கள் என்று போலீஸ்காரர் கேட்டார். குறட்டை விடுவேன் என்றாள். சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது.

பிறகு புதுப் பையைக் கையில் கொடுத்துச் சுற்றிவரச் செய்தாள். அது திரும்பி வந்ததும், வட்டம் வெட்டாமல் முழுசாக விட்டிருந்த ஒட்டும் பகுதியைக் காட்டினாள். கீழ்வாய் வழியாக நீல மைத் தண்ணீரை ஊற்றி, வாயை மடித்து மூடினாள். இதை யாராவது முன்னங்கையில் ஒட்டிக்கொண்டு இன்றைய வகுப்பு முழுக்க நீந்த முடியுமா என்று கேட்டாள்.

கரையோரம் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டது.

"எனக்கு ஒட்டு, டீச்சர். எனக்கும் கொஞ்சம் பொழுது போகட்டும்."

பேக்கரி அம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"உங்களுக்குத் தோல் மெலிசு அத்தை, பிய்க்கும்போது வலிக்கும். எனக்கே ஒட்டட்டும்."

ஒட்டினார்கள். வகுப்பு நடந்தது. காலை உதைத்தார்கள், மூச்சை ஊதினார்கள், பலகையைப் பிடித்து அக்கரைக்குப் போனார்கள். ஆரம்பத்தில் எல்லோர் கண்ணும் பேக்கரி அம்மாவின் கையில்தான் இருந்தது. அவள் கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அப்புறம் சமநிலை தவறி முழுசாக முங்கினாள், எழுந்தாள், மறுபடி முங்கினாள். குளம் கண்ணாடி மாதிரி இருந்தது. நீலம் அத்தனையும் பைக்குள்ளேயே இருந்தது.

ஆனால் டீச்சர் கவனித்துக்கொண்டிருந்தது வேறொன்று. நீளத் தடத்தில் நீந்திக்கொண்டிருந்த நாலைந்து அந்நிய ஆட்கள் நின்று, அது என்ன என்று பேக்கரி அம்மாவின் கையை உற்றுப் பார்த்தார்கள். அவள் சட்டென்று இன்னொரு கையால் பையைப் பொத்திக்கொண்டாள். பொத்தியது அவளுக்கே தெரிந்திருக்காது. வகுப்பு முடிகிறவரை அந்தக் கை அங்கிருந்து நகரவில்லை.

முடிந்ததும் இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். டீச்சர் ஓரத்திலிருந்து மெதுவாகப் பையை உரித்தெடுத்தாள். அடியில் தோல் லேசாகச் சிவந்திருந்தது.

"எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு டீச்சர்," என்றாள் பேக்கரி அம்மா. "பழகிடுமா?"

"தெரியல. எனக்கு இன்னும் பழகல."

பேக்கரி அம்மா சிவந்த இடத்தைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குத் தான் ஏன் அப்படிக் கத்தினாள் என்பதை மட்டும் சொன்னாள். மாமியாருக்கு அந்த மாதிரி நனைந்துபோனால் வீடு போகிறவரை ஒரு வார்த்தை பேசமாட்டாராம், ராத்திரி சாப்பிடவும் மாட்டாராம். டீச்சருக்கு அது நன்றாகவே புரிந்தது. பழைய நாட்களில் தானும் அப்படிச் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். அதன் பிறகு, கிழவி பயிற்சிக்கு வருகிற நாட்களில் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே அந்த அறைக்குப் போய் வந்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டாள்.

எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டு பேர் திரும்பவே இல்லை. ஒருத்தர் வேறு டீச்சரிடம் மாறிக்கொண்டார், வழியில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கழிப்பறை வாசலில் புதிது புதிதாக யாராவது அவளை ஏற இறங்கப் பார்ப்பது இன்றைக்கும் நடக்கிறது. மனசு சரியாக இருக்கிற நாளில் நின்று விளக்குவாள். இல்லாத நாளில் பேசாமல் நடந்துவிடுவாள். பேக்கரி அம்மா பக்கத்தில் இருந்துவிட்டால் விளக்கம் வேறு மாதிரி இருக்கும். வயிற்றைத் திறந்து காட்டினால்தான் உள்ளே விடுவீர்களா என்று எதிராளியைப் பிடித்து உலுக்கிவிடுவாள். அவளை அடக்குவது டீச்சருக்கு ஒரு தனி வேலையாகிவிட்டது.

மருத்துவமனை நர்ஸ் இப்போது இதே மாதிரி பை வைத்த ஆட்களை அனுப்பிவைக்கிறாள். சனிக்கிழமை மத்தியானங்களில் அவர்களுக்கென்றே டீச்சர் தனி வகுப்பு நடத்துகிறாள். பட்டை தைத்துக் கொடுப்பது கணவன். ஆளுக்கு ஆள் அளவெடுக்க வேண்டியிருக்கிறது, சீட்டு உறையைவிட இதுதான் கஷ்டம் என்று அலுத்துக்கொண்டே தைக்கிறான்.

போன மாதம் ஒரு லாரி டிரைவர் வந்தார். மலை மாதிரி ஆள். ஆபரேஷனுக்குப் பிறகு சொந்த அண்ணன் எதிரில்கூடச் சட்டையைக் கழற்றியதில்லை என்றார். சட்டையோடு இறங்கலாமா என்று கேட்டார். குளத்தின் விதி அதற்கு இடம் தராது. டீச்சர் மேலாளரின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மேலாளர் ஜன்னல் திரையை மெல்ல இழுத்து மூடிக்கொண்டார்.

டிரைவர் சட்டையோடு இறங்கினார். காற்று புகுந்து சட்டை முதுகில் பூசணிக்காயாக உப்பியது. அதை அமுக்கினால் வயிற்றுப் பக்கம் உப்பியது, அங்கே அமுக்கினால் மறுபடி முதுகில். டீச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவராலும் முடியவில்லை. கடைசியில் சலித்துப்போய், கழுத்துப் பொத்தானில் கையை வைத்தார்.

"அந்தப் பக்கம் திரும்பிக்குங்க டீச்சர்."

அவள் திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் நனைந்த சட்டை கரையில் சொத்தென்று விழுந்தது. பிறகு ஒரு பெரிய உடம்பு தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.