கறுப்புப் பொட்டலம்

என் அக்காவின் புருசனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததைப் படித்துவிட்டு யாரும் திடுக்கிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

கரடியனாற்றில் எனக்குச் சீதனமாக வந்த மேட்டுக்காணிக்கும் அத்தானின் காணிக்கும் நடுவில் ஒரு வேலிதான். என் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனதும், பெண்பிள்ளை தனியாக என்ன செய்வாள் என்று சொல்லி அத்தான் அதை எடுத்துச் செய்தார். எட்டு வருசம். சில போகம் சோளன் போட்டார், சில போகம் சும்மா பற்றைக் காடாக விட்டார். ஊரும் அதை அவருடைய காணி என்றே சொல்லப் பழகிவிட்டது. போன மாரிக்கு முன் நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்தார். கணவர் போனில் ஒரு சமாதானம் பேசி வைத்தார்: ஒரு போகம் நான் செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் காணி மறுபடி அத்தான் கைக்குப் போவது. என் பெயரில் உறுதிப் பத்திரம் இருக்கிற காணிக்கு எனக்கே பரீட்சை.

சோயா போட்டேன். விவசாயப் போதனாசிரியர் மிஸ் விதையோடு ஒரு சின்னப் பொட்டலமும் தந்தார். உள்ளே கரித்தூள் போல ஒரு தூள், அதில் உயிருள்ள பற்றீரியா. விதையில் சீனித் தண்ணீர் தெளித்து, தூளைப் பிரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே நட வேண்டும். அது வேரில் குமிழ் குமிழாகக் குடியேறி, காற்றிலிருக்கிற நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். யூரியாவை அள்ளி எறிந்தால் செடி சும்மா கிடைப்பதைத் தின்றுவிட்டுக் குமிழை மறந்துவிடும்.

"வெயில் மட்டும் படக்கூடாது. பட்டா செத்திரும்," என்று மிஸ் மூன்று தரம் சொன்னார்.

மூன்றாம் கிழமை பயிர் வெளிறியது. குமிழ் வேலை தொடங்கும்வரை அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் காலமெல்லாம் வெள்ளாமை செய்த ஆட்களுக்கு வெளிறிய பயிரைக் கண்டால் யூரியா எறியக் கை அரிக்கும். அத்தான் வேலிக்கட்டையில் கையூன்றி நின்றார்.

"பயிர் பசியில கிடக்கு புள்ள. பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?"

"அது தன்ட சாப்பாட்டைத் தானே தேடிக்கொள்ளும் அத்தான்."

"ஓம் ஓம். கட்டார்ல இருந்து அனுப்புவாங்களாக்கும்."

அவரோடு நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

பெரியகல்லாற்றில் சொந்தக்காரப் பிள்ளை ஒன்று வயசுக்கு வந்த சாமத்திய வீட்டுக்குப் போய் மூன்று நாள் நின்றுவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் வேலியோரமாகப் பத்தடி அகலத்துக்கு என் வரம்புக்குள்ளே வெள்ளை மணிகள். "பாவமெண்டு மிச்சம் கிடந்த யூரியாவ எறிஞ்சன்," என்றார் அத்தான். கேட்காமல் என் காணிக்குள் இறங்கியதற்குப் பெயர் பாவமாம். ஒரு கிழமையில் அந்தத் துண்டு கரும்பச்சையாக எழும்பியது. போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மற்றப் பயிர் தன்பாட்டில் மெல்ல நிறம் பிடித்தது. நான் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். என்னுடையதில் வேர் நிறையக் குமிழ், நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அவர் யூரியா எறிந்த துண்டில் குமிழே இல்லாத வழுக்கை வேர். கடைசி மழைக்கு அந்தத் துண்டு உயரம் தாங்காமல் படுத்துவிட்டது. என் பக்கம் காய் உலர்ந்து சலசலத்தபோது அது இன்னும் இலையோடு பச்சையாகக் கிடந்தது. மூன்று செடியைச் சேர்த்துப் பிடித்தாலும் என் ஒரு செடியின் காய் அதில் இல்லை.

அறுவடை நன்றாக வந்தது. ஊரில் என்ன பேச்சு தெரியுமா? அத்தான் எறிந்த யூரியாதான் காப்பாற்றியதாம். கணவர் காதிலும் அதுவே விழுந்திருந்தது. போனில் சொன்னார்:

"அத்தான் நல்லா உதவினாராமே. இந்தச் சிறுபோகம் அவரும் சோயாப் போடுறாராம். நல்லா வந்தா ரெண்டு காணியையும் அவரே சேர்த்துச் செய்யட்டும். நீ ஏன் வெயிலுக்க கிடந்து காயிற?"

நான் போனைக் கட்டிலில் எறிந்தேன்.

மறுநாள் அக்கா வந்தாள். "அவருக்கும் ஒரு பொட்டலம் எடுத்துத் தா புள்ள. அவருக்கு உன்னட்டக் கேக்க வெக்கம்."

மிஸ்ஸிடம் இரண்டு வாங்கினேன். என்னுடையதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அத்தானுடையதைக் குசினித் தகரக் கூரையில், பங்குனி வெயிலில், இரண்டு நாள் முழுக்கக் காயவைத்தேன். பிறகு துடைத்து அக்காவின் கையில் கொடுத்தேன்.

"நிழல்ல உலர்த்தச் சொல்லுங்க. மறுகா ஒரு பிடி யூரியாவும் போடக்கூடாது எண்டும் சொல்லுங்க."

அந்த இரண்டாவது பேச்சுத்தான் பொல்லாதது. செத்த பொட்டலத்தோடும் யூரியா போட்டிருந்தால் விதைக்காசையாவது எடுத்திருப்பார். அது தெரிந்துதான் சொன்னேன்.

என் சொல்லை ஒருநாளும் கேட்காத மனிதர் அந்தப் போகம் கேட்டார். பயிர் வெளிறியது, வெளிறியபடியே நின்றது. வேலிக்கு அப்பால் தினமும் பார்த்தேன். அக்கா ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி வேரைப் பார்ப்பதையும் பார்த்தேன். அவளுக்காக வருந்தினேன். அவருக்காக இல்லை. யூரியா எறியச் சொல்லி ஆட்கள் வந்தார்கள். "புள்ள வேணாமெண்டு சொன்னவள், பொறுத்துப் பார்ப்பம்," என்று அவர்களைத் திருப்பி அனுப்பினாராம்.

விதைக்குப் போட்டதுகூட அவருக்குத் திரும்பவில்லை. காணியைப் பற்றிக் கணவர் பிறகு வாய் திறக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

ஒருநாள் பின்னேரம் அத்தான் என் வாசலுக்கு வந்தார். அக்கா பின்னால் நின்றாள். எட்டு வருசத்தில் அவர் வாயிலிருந்து பிழை என்ற சொல்லை நான் கேட்டதில்லை.

"பிழை என்னிலதான் புள்ள. விதைய மர நிழல்லதான் காயப் போட்டன், வெயில் கிறுகித் திரும்பி அதில விழுந்ததக் கவனிக்கல்ல. உனக்கும் கெட்ட பேராப் போச்சு."

அதற்காக அவரை முன்னையிலும் அதிகமாக வெறுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கும் அத்தான்," என்றேன். "வெயில் பட்டா செத்திரும்."