இரண்டு கையெழுத்தும் எங்கள் அப்பாவுடையதுதான், மேடம்!

ரயில் பங்காருபேட்டையைத் தாண்டிவிட்டது. ஜெயித்துவிட்டு எங்கள் ஊர் மாரிகுப்பத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், மக்களே!

எங்கள் கிறிஸ்தவப் பல்கலைக்கழக விடுதியில் ஒரு சட்டம். ஞாயிறன்று வீட்டில் இருந்தால், சபைக்குப் போனதற்குச் சீட்டு கொண்டுவர வேண்டும். அதில் பெற்றோர் கையெழுத்து ஒன்று, பாஸ்டர் கையெழுத்து ஒன்று.

இன்று காலை வார்டன் என் சீட்டை மேசைமேல் போட்டார்.

“ரெண்டும் ஒரே கை. நீயே போட்டிருக்க. இந்த செமஸ்டர் முழுக்க உனக்கு வீட்டுக்குப் போக அவுட்பாஸ் கிடையாது.”

“மேடம், எங்க அப்பாதான் எங்க சபைக்கு பாஸ்டர்.”

“நல்லா கதை சொல்ற.”

ஃபைலில் பாஸ்டர் என்று இருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டு, என் பெயரைச் சொன்னார். “போன ஞாயிறு இந்தப் பொண்ணு ஆராதனைக்கு வந்துச்சா?”

“ஸ்தோத்திரம் மேடம். வந்துச்சுங்க. ஆனா பாதி பிரசங்கத்துல தூங்கிடுச்சு.”

அடுத்து, பெற்றோர் என்று இருந்த எண். அதே கேள்வி.

அதே குரல். “இன்னா மேடம், இப்பதானே சொன்னேன்? தூங்குனதுகூட சொன்னேனே!”

கூட வந்திருந்த ரூம்மேட் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

வார்டன் என் சீட்டில் சிவப்பு மையில் ‘போலி’ என்று எழுதியிருந்ததைத் தானே அடித்துவிட்டார். “பொய்ச் சாட்சியா இருந்தா, தூங்கினதை யாரு சொல்லப்போறா?” என்று அவுட்பாஸை நீட்டினார்.

ஆக, என்னைக் காப்பாற்றியது என் தூக்கம்!

நாளைக்கும் அப்பாதான் பிரசங்கம். பாஸ்டர் வீட்டுப் பிள்ளைகளே, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கத் தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லித்தாருங்கள்.