முப்பத்து நாலு வரை எண்ணியவள்

மதிவதனி மோட்டாருக்கு ஒயர் சுற்றுகிறவள். போத்தனூரில் ரயில் பாதையை ஒட்டி, போர்வெல் மோட்டார் செய்கிற ஒரு பட்டறையில் ஒன்பது வருஷமாக அதுதான் வேலை. இரும்பு உருளையின் உட்புறம் நீளநீளமாகப் பள்ளங்கள் இருக்கும், காடி என்பார்கள். ஒரு காடிக்கு இருபத்தெட்டுச் சுற்று. கையால் சுற்ற வேண்டும், வாயால் எண்ண வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் மோட்டார் கெட்டது. அதனால் எண்ணுகிறவளிடம் அங்கே யாரும் பேச மாட்டார்கள். முதலாளியே வந்தாலும் இருபத்தெட்டு முடியட்டும் என்று ஓரமாக நிற்பார்.

சுற்றி முடித்ததும் ஒயர் நுனியில் அவரவர் நிற நூலைக் கட்ட வேண்டும். மதிவதனிக்கு நீலம். பக்கத்து மேசை பொற்கொடிக்குச் சிவப்பு. தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்க்கும்போது கரண்ட் கசிந்தால், நூல் ஆளைச் சொல்லிவிடும்.

அதற்கப்புறம் நடப்பது ஃபோர்மேன் அரங்கசாமியின் சொந்தக் கற்பனை. கசிந்த ஒயரை உருவி, மாலைபோலச் சுருட்டி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவருவார்.

"ஏனுங்க அம்மணி, இதைச் சித்தெ கழுத்துல போட்டுக்குங்க. சோத்துக்குப் போறப்பக் கழட்டிக்கலாமுங்க."

குரல் உயராது. வைய மாட்டார். வெளியே போய்ப் புகார் சொல்ல ஒரு கெட்ட வார்த்தைகூட அவர் வாயிலிருந்து கிடைக்காது.

ஆடி மாதம் பொற்கொடி இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். இரண்டாவது தடவை பஸ்ஸில் மதுக்கரை வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். இருவருக்கும் அதே ஊர், அதே பஸ். முதலில் ஏறுகிறவள் பையைப் போட்டு மற்றவளுக்கு இடம் பிடிப்பாள். அன்று மதிவதனி தன் துப்பட்டாவால் அவள் கழுத்து ஈரத்தைத் துடைத்துவிட்டு, "இனி ஒருக்கா அந்த ஆளு இதைக் கொண்டாந்தா நான் சும்மா இருக்க மாட்டேன், பாத்துக்க" என்றாள்.

சொன்னாளே தவிர, எப்படி என்று தெரியவில்லை. வழி காட்டியது பொற்கொடியின் செல்போன். மத்தியானச் சாப்பாட்டில் பட்டறையின் ஏழு பெண்களும் அதைச் சுற்றி உட்கார்ந்து பழைய காமெடி சீரியல் பார்ப்பார்கள். அன்றைய கதையில் ஒல்லிக்குச்சி குமாஸ்தா ஒருவன். அவனை மிரட்டியே வேலை வாங்கும் ஒரு தடியன். குமாஸ்தா கண்ணாடி முன் நின்று எதிர்த்துப் பேசிப் பழகுகிறான். கண்ணாடியிடமே பயந்து ஓடுகிறான். கடைசியில் ஒருநாள், கால் வெடவெடக்க, "முடியாது சார்" என்கிறான். பக்கத்து நாற்காலிக்காரன் எழுந்து நிற்கிறான். பிறகு அடுத்தவன். பிறகு ஆபீஸ் முழுக்க. தடியன் செருப்பை விட்டுவிட்டு ஓடுகிறான்.

எதிர் மேசை சாஜிதா பேகத்துக்குச் சிரித்ததில் புரையேறியது. "நம்ம ஆளுக்கு ஷூ. கழட்டி ஓட நேரமாகும்!"

"அக்கா, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள் பொற்கொடி. "யாருக்குக் கொண்டாந்தாலும் அவ மாட்டேன்னு சொல்லிப்போடோணும். மத்தவீக அத்தனை பேரும் எந்திரிச்சு நிக்கோணும். நான் மொதல்ல எந்திரிப்பேன்."

"அல்லாமேல சத்தியமா நானும்" என்றாள் சாஜிதா. ஏழு பேரும் டிபன் பாக்ஸ் மூடிகளைத் தட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை பொற்கொடி, பாவாடை ஓரம் பிரிந்துவிட்டது என்று மதிவதனியின் நீல நூல்கண்டை வாங்கிப் போனாள். மறுநாள் திருப்பிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அரங்கசாமி ஈர ஒயரோடு வந்தார். மதிவதனியின் மேசைமுன் நின்றார். நுனியில் நீல நூல்.

"உங்களுதுங்களா அம்மணி? ஒன்பது வருசத்துல மொதத் தடவ."

மதிவதனி நூலைப் பார்த்தாள். அவள் போடுவது ஒற்றை முடிச்சு, மேலே ஒரு சுற்று. இது இரட்டை முடிச்சு, நுனியைப் பல்லால் கடித்தது. அந்தப் பட்டறையில் நூலைப் பல்லால் கடிப்பது ஒருத்திதான்.

"இது என்னுதில்லீங்க" என்று சொன்னால் போதும், மாலை பக்கத்து மேசைக்குப் போய்விடும். அவள் சொல்லவில்லை. யார் கழுத்திலும் விழக் கூடாது என்பதுதானே பேச்சு. பொற்கொடி பயத்தில் கட்டியிருப்பாள், இப்போது எழுந்து நின்றால் அதோடு சரியாகிவிடும்.

"நான் போட்டுக்க மாட்டேனுங்க" என்றாள். பட்டறைக் கடைசி வரைக்கும் கேட்டது.

ஸ்டூல் நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

சத்தம் வந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு..." சாஜிதா எண்ணத் தொடங்கினாள். அடுத்து இன்னொருத்தி. ஆறு பேரும் குனிந்தபடி, வழக்கத்தைவிட உரக்க எண்ணினார்கள். எண்ணுகிறவளை யாரும் கூப்பிடக் கூடாதே.

பொற்கொடியின் குரல்தான் பக்கத்தில். "இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்போது..." நிற்கவில்லை. முப்பதைத் தாண்டினாள். மதிவதனி திரும்பிப் பார்த்தாள். பொற்கொடியின் கையில் ஒயரே இல்லை. வெறும் விரல்கள் காடிக்குள் போய்ப்போய் வந்தன. முப்பத்து மூணு. முப்பத்து நாலு.

அரங்கசாமி அவசரப்படவில்லை. "வேண்டாமுன்னா வேண்டாமுங்க. யாரும் கட்டாயப்படுத்தல" என்று மாலையை ஆணியில் மாட்டினார். "வெளிய பழைய மோட்டாரு கெடக்குதுங்க. ஒயர் பிரிக்க ஆளில்லே. நாளையிலிருந்து... வேண்டாமுங்க, இப்பவே போயிருங்க."

மதிவதனி கத்தரியையும் நூல்கண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, எரிந்து கருகிய மோட்டார்களிலிருந்து சாயங்காலம் வரை ஒயர் பிடுங்கினாள். அங்கே எண்ண வேண்டியதில்லை. மத்தியானம் கொட்டகைப் பக்கம் யாரும் வரவில்லை. உள்ளே செல்போனில் அதே சீரியல் ஓடுவது கேட்டது. யாரோ சிரித்தார்கள்.

ஐந்தரை மணி பஸ்ஸில் பொற்கொடி முதலில் ஏறியிருந்தாள். பக்கத்தில் பை கிடந்தது. மதிவதனியைக் கண்டதும் பையை மடிமேல் எடுத்துவைத்தாள்.

"வாங்கக்கா, உங்களுக்குத்தான் போட்டு வெச்சேன்." பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க என்னையக் காட்டிக் குடுக்கலீங்க. மறக்க மாட்டேனுங்கக்கா" என்றாள்.

மதிவதனி மேலே கம்பியைப் பிடித்தாள்.

"முப்பத்து நாலு வரைக்கும் எண்ணுனியே கண்ணு," என்றாள், "எந்தக் காடியில சுத்துன?"

பொற்கொடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டக்டர், "உக்காருங்க அம்மணி, சீட்டு காலியாத்தானே கெடக்குது" என்றார். மதிவதனி மதுக்கரை வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.