இடது பக்கத்து ஊஃபர்

நேற்று மகள் வாங்கி வந்த ஸ்பீக்கர் ஒரு சாத்துக்குடி அளவுதான் இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு திருகுகூட இல்லை. "அதையெல்லாம் பிரிக்க முடியாதும்மா" என்றாள். எனக்கு மாமனாரின் பெட்டிகள் ஞாபகம் வந்துவிட்டன.

ஆம்பூர் வீட்டு ஹாலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்ற ஜோடி ஸ்பீக்கர்கள் அவை. முன்பக்கத் துணியைக் கழற்றினால் மழைக்காலத்து டிரங்குப் பெட்டி வாசனை வரும். மாமா யாரையும் தொட விடமாட்டார். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். அவர் வேலூரில் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது, தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று நான் துணியைக் கழற்றினேன். இடது பெட்டியில், கனத்த சத்தம் தரும் பெரிய ஊஃபரின் காகிதக் கூம்பைச் சுற்றி வளையமாக ஒட்டியிருந்த ஸ்பாஞ்சை விரலால் தடவினேன். விரல் அப்படியே உள்ளே போய்விட்டது. வருஷக்கணக்கில் மக்கிப்போன ஸ்பாஞ்சு, புட்டு மாவாக உதிர்ந்தது.

மாமாவுக்கு மறுநாள் மதியம் டிஸ்சார்ஜ். ஒரு மாதத்துக்குப் பேப்பர் கூடாது, டிவி கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு மிச்சமிருந்தது பாட்டு ஒன்றுதான். அதையும் நான் கெடுத்து வைத்திருந்தேன்.

அப்போது நான் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். என் கைக்குத் தெரிந்தது தோல்தான். ஷூவுக்குள்ளே லைனிங் கொடுக்கும் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டுகள் வீட்டில் கிடந்தன. ஒன்றை வளையமாக வெட்டி, சுருக்கமே இல்லாமல் இழுத்து ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. பாட்டைப் போட்டால், பாடகர் தலையணைக்கு அடியிலிருந்து பாடினார்.

பக்கத்து வீட்டு ஷமீம் அக்காவுக்கும் என் செக்‌ஷனில்தான் வேலை. வந்து கூம்பை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"இன்னாடி, ஷூவா பண்ணி வெச்சிருக்கே? இதுல காலா நுழையப் போவுது? லூசா வுடு, அது மூச்சு வுடணும்."

சுருக்கம் விழுந்தால் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கியே பழகிய கை. லூசாக விட வரவேயில்லை. பிய்த்தெடுத்து, புதுத் துண்டை ஈரப்படுத்தி, கட்டைவிரலால் சுற்றிலும் குழித்து, வெள்ளைக் கோந்தில் ஒட்டினேன். மறுநாள் காலையிலிருந்து காய்ந்ததா, காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசித் திருகை முடுக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

கண்ணில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்த மாமா, "பாட்டு போடு" என்றார். பாதிப் பாட்டில் கையைத் தூக்கினார்.

"லெஃப்ட்ல யாரு கை வெச்சது?"

என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "நான்தாம்பா."

"நீயா? பல்பு மாட்டச் சொன்னாலே உடைச்சிடுவ." கட்டுப் போட்ட முகம் என் பக்கம் திரும்பியது. "இன்னாம்மா, ரைட்டையும் மாத்திடு. இப்ப அதுதான் மட்டமா கேக்குது."

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். பயம் போன அழுகை அது.

மாமா போய் வெகுகாலமாகிறது. வீடு மாறும்போது பெட்டிகளையும் கொடுத்துவிட்டோம். லைனிங்குக்கு இப்போதெல்லாம் துணிதானாம். அவையெல்லாம் போகட்டும். இன்று எங்கள் வீட்டில் எதை யார் தொட்டாலும், யாரு கை வெச்சது என்று கேட்க ஆளில்லை.