முதல் வகுப்பு இலவசம்

அந்தப் பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் குட்மார்னிங். மத்தியானம் எதிர்ப்பட்டாலும் அவர் சொல்வது குட்மார்னிங், பொழுது சாய்ந்து வீட்டுக்குக் கிளம்பும்போதும் குட்மார்னிங். மற்ற இரண்டு வேளை வணக்கங்களும் அவருக்குத் தெரியாமல் இல்லை. குட்மார்னிங்கில் இருக்கிற எடுப்பு அவற்றில் இல்லை என்பது அவர் கட்சி.

ஓட்டலின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத நீண்ட கூடத்தில் அவருக்கு வேலை. மேல்மாடி அறைகளில் யார் யாரோ புரண்டு படுத்த விரிப்புகள் ஒரு பெரிய குழாய் வழியாகக் கீழே வந்து விழும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து இஸ்திரி உருளைக்குள் கொடுக்க வேண்டும். மறுபக்கம் சுடச்சுட வெளிவருவதை எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். நாள் முழுக்க அடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரிதான். கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு தொலைபேசி, ஒரு சுழல் நாற்காலி. அது சூப்பர்வைசருடையது. பசித்தவன் பந்தியைப் பார்க்கிற மாதிரி குட்மார்னிங் பல வருஷமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஊரில் ஆங்கிலம் கற்றுத்தரும் நிலையங்களுக்குப் பஞ்சமில்லை. மருந்துக்கடை மாடியில் ஒன்று, பல் வைத்தியருக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு தெரு தள்ளினால் இன்னொன்று. 'தயக்கம் போச்சு, ஆங்கிலம் வந்தாச்சு' என்று பெரிய எழுத்தில் பலகை. அதன் கீழே சின்ன எழுத்தில் 'முதல் வகுப்பு இலவசம்'. ஊரே பெரிய எழுத்தைப் படித்தது. குட்மார்னிங் சின்ன எழுத்தைப் படித்தார்.

முதல் வகுப்பு முடிந்ததும் மற்றவர்கள் கட்டணம் கட்ட வரிசையில் நிற்பார்கள். அவர் அடுத்த நிலையத்தின் விலாசத்தை விசாரிப்பார். எங்கே போனாலும் முதல் வகுப்பு ஒன்றுதான். உங்கள் பெயர் என்ன, எப்படி இருக்கிறீர்கள், எங்கே வேலை செய்கிறீர்கள், உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. 'ஐ' வந்தால் 'ஆம்', 'ஹீ' வந்தால் 'இஸ்', 'யூ' வந்தால் 'ஆர்'. இதைத் தாண்டிய வினைச்சொற்கள் எல்லாம் இரண்டாம் வகுப்பில் குடியிருந்தன. அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுத்ததில்லை.

"எத்தனை தடவைதான் உங்க பேரை உங்களுக்கே சொல்லிக் குடுப்பாங்க?" என்று தையல் மெஷினை மிதித்தபடி மனைவி கேட்பாள். "இன்னுமா மனப்பாடம் ஆகலை?"

"உனக்கு என்ன தெரியும். அஸ்திவாரம் பலமா இருக்கணும்."

"அஸ்திவாரமே போட்டுக்கிட்டிருந்தா வீட்டை எப்பங்க கட்டுறது?"

கஞ்சத்தனம் என்று அவள் நினைத்தாள். அப்படியே நினைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார். உண்மை வேறு. முதல் வகுப்பில் எல்லோருக்கும் ஒன்றும் தெரியாது, அதனால் அங்கே அவர் ராஜா. இரண்டாம் வகுப்பில் வாயைத் திறந்தால் தப்பு வரும், நாலு பேர் சிரிப்பார்கள். பயந்தாங்கொள்ளி என்ற பெயரைவிடக் கஞ்சன் என்ற பெயர் எவ்வளவோ கௌரவமானது.

இப்படி இருக்கையில் பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றார். மேனேஜர் கீழே இறங்கி வந்தார். வெள்ளைச் சட்டையில் ஈரம் படாமல் நிற்க ஓர் இடம் தேடிப் பிடித்துக்கொண்டு அறிவித்தார்.

"வெளியில இருந்து ஆள் எடுக்கப் போறதில்லை. உங்கள்ல ஒருத்தர்தான். சின்னதா ஒரு இண்டர்வியூ இருக்கும், இங்கிலீஷ்ல. ரூம்ல இருந்து நேரா இங்கே போன் வரும் பாருங்க, பேசத் தெரியணும்."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"அப்புறம் என்ன," என்றார் துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மெஷின்காரர். "நாற்காலியைக் குட்மார்னிங் பேருக்கு எழுதியாச்சு."

"தேங்க் யூ," என்றார் குட்மார்னிங், அடக்கமாக.

அடக்கம் வெளியில்தான். உள்ளே பயம். தன் ஆங்கிலத்தின் ஆழம் அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இந்தத் தடவை கட்டணம் கட்டி முழுசாகப் படித்துவிடுவது என்று முடிவு செய்து, செருப்புக்கடைக்கு மேலே புதிதாகத் திறந்திருந்த நிலையத்தின் படி ஏறினார்.

அங்கே ஆசிரியர், முதலாளி எல்லாம் ஒருவரே. எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பதால் அவர் டை மாஸ்டர். "முதல்ல இலவச வகுப்புல உட்காருங்க, பிடிச்சிருந்தா பணம் கட்டுங்க," என்றார். சட்டம் அப்படி. குட்மார்னிங் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். வகுப்பின் கடைசியில் டை மாஸ்டர், "வாட் இஸ் யுவர் நேம்?" என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் தரையில் எதையோ தேடினார்கள். குட்மார்னிங் எழுந்தார்.

பெயரைச் சொன்னார். வேலையைச் சொன்னார். நலம் என்றார், நீங்கள் நலமா என்றார், இன்றைய வானிலையைப் பாராட்டினார், சந்தித்ததில் மகிழ்ச்சி என்று முடித்தார். மூச்சு வாங்கவில்லை, நாக்கு இடறவில்லை. வகுப்பு வாயடைத்துப்போனது. டை மாஸ்டரும்தான். ஆனால் அவர் வியாபாரி, சீக்கிரம் தெளிந்துவிட்டார்.

"பார்த்தீங்களா? இவரும் உங்களோடதானே படி ஏறி வந்தாரு? ஒரே ஒரு வகுப்பு."

அன்றைக்கு வந்த அத்தனை பேரும் பணம் கட்டினார்கள், குட்மார்னிங்கைத் தவிர. அவரை டை மாஸ்டர் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"உண்மையைச் சொல்லுங்க சார். இதுக்கு முன்னாடி எங்கே படிச்சீங்க?"

"அங்கங்கே. முதல் நாள் மட்டும்."

பாம்பின் கால் பாம்பறியும். டை மாஸ்டர் அவர் தோளில் கை போட்டார். "நீங்க பைசா கட்ட வேண்டாம், முழுப் படிப்பும் இலவசம். ஒவ்வொரு முதல் வகுப்புக்கும் வந்து அதே பெஞ்சுல உட்காருங்க, அதே மாதிரி எழுந்து பேசுங்க, போதும். நடிக்கவெல்லாம் வேண்டாம். இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க."

ஒரு மனிதனிடம் இதைவிட இதமான வார்த்தையை யார் சொல்ல முடியும்? குட்மார்னிங் ஒத்துக்கொண்டார்.

சிக்கல் ஒன்றுதான். முன் அறையில் முதல் வகுப்பு நடக்கும் அதே நேரத்தில்தான் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டாம் வகுப்பு நடந்தது. அதை ஒரு டீச்சரம்மா நடத்தினார். தடுப்புக்கு அப்பால் யாரோ தடுமாறுவதும் மற்றவர்கள் சிரிப்பதும் கேட்கும்.

"நான் எப்ப சார் பின்னாடி ரூமுக்குப் போறது?"

"உங்க லெவலுக்கு அதெல்லாம் எதுக்கு சார்? இண்டர்வியூக்கு முன்னாடி நானே தனியா உட்கார வெச்சு சொல்லித் தந்துடுறேன்."

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரவேண்டும். வந்தது என்னவோ நிம்மதி.

ஒருநாள் அந்தப் படியில் ஏறி வந்தவள், உருளைக்கு மறுபக்கம் அவரோடு விரிப்பு மடிக்கும் பெண். அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள்தான். கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கும் படத்தை அவள் அம்மா சுவரில் மாட்டியிருந்தாள். படம் சுவரில் நிமிர்ந்து நின்றது. படத்தில் இருந்தவள் போன இண்டர்வியூவில் எல்லாம் வாய் உலர்ந்து திரும்பி, கடைசியில் இந்த அடித்தளத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். சிலர் அவளைப் பட்டதாரி என்று கூப்பிடுவார்கள். பெருமையாகச் சொல்கிறார்களா, குத்திக்காட்டுகிறார்களா என்று அவளுக்கும் புரிந்ததில்லை.

அவளைப் பார்த்ததும் குட்மார்னிங் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். ஆனால் டை மாஸ்டர் கேள்வியைக் கேட்டுவிட்டார். வேறு வழி? எழுந்தார். பேசினார். அன்றைக்கு என்னவோ இன்னும் நன்றாகவே வந்து தொலைத்தது.

மறுநாள் உருளையிலிருந்து வந்த விரிப்பின் இரண்டு முனைகளில் இருவரும் நின்றார்கள்.

"அண்ணே, நேத்து உங்களுக்கு அங்கே முதல் நாளா?"

விரிப்பை உதறினார்கள். இருவரும் நடந்து நெருங்கி முனைகளைச் சேர்த்தார்கள்.

"ஆமாம்மா."

"ஒரே நாள்லயா அவ்வளவு வந்துச்சு?"

"வாத்தியார் கெட்டிக்காரர்."

"காலேஜ் முழுக்கப் படிச்சும் எனக்கு வரலை. உங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கும் வரும்னு தோணுச்சு. பணம் கட்டிட்டேண்ணே."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அடுத்த விரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சலவைக்கூடத்தில் யாருக்கும் நிம்மதி இல்லை. முந்தைய மாலை படித்ததை எல்லாம் அவள் அவரிடமே பேசிப் பழகினாள். "அண்ணே, திஸ் ஷீட் வெரி ஹாட். யூ கேட்ச். நோ, நோ, தட் சைட் கேட்ச்." காலம் முன்னும் பின்னும் உதைபட்டது. நேற்று நடந்ததை நாளைக்கு நடக்கும் என்பாள்.

"இங்கிலீஷ்காரன் இதைக் கேட்டா அடுத்த கப்பலைப் பிடிச்சு ஊருக்குப் போயிடுவான்," என்றார் மெஷின்காரர்.

"போகட்டும்ணே. நமக்கு விரிப்பு குறையும்."

அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் குட்மார்னிங்குக்குப் புரியவில்லை. இவ்வளவு தப்பை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிக்க முடிகிறது? அவர் ஆங்கிலத்தில் ஒரு தப்பு உண்டா? தண்ணீரில் கால் வைக்காதவன் மூழ்கிய கதை எங்கேயாவது உண்டா?

"நானும் பேர் குடுத்திருக்கேண்ணே," என்றாள் ஒருநாள். "கிடைக்கப்போறது என்னவோ உங்களுக்குத்தான். எனக்கு வாய் திறந்து பழகினா போதும்."

"வெரி குட்," என்றார் அவர் பெருந்தன்மையோடு.

டை மாஸ்டர் சொன்ன தனி வகுப்பு நடக்காமலே இண்டர்வியூ நாள் வந்துவிட்டது. மனைவி அவர் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். ஊர் விரிப்பை எல்லாம் இஸ்திரி போடுகிறவருக்குத் தன் சட்டை என்றால் கை வராது. முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்தபோதே குட்மார்னிங் சொன்னார். நிஜமாகவே காலை நேரம் என்பதால் அது பொருந்தியும் போனது. நலம் விசாரித்தார், தன்னை அறிமுகம் செய்தார், வானிலைக்கு ஒரு வார்த்தை. மேனேஜர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர் மனக்கண்ணில் கண்ணாடி அறை நாற்காலி அவரை நோக்கி ஒரு சுற்றுச் சுற்றியது.

பிறகு மேனேஜர் ஒரு விளையாட்டு விளையாடினார். தன்னை ஓர் அறையில் தங்கியிருப்பவராக வைத்துக்கொள்ளச் சொன்னார். அவருடைய வெள்ளைச் சட்டை சலவையிலிருந்து ரோஸ் நிறத்தில் திரும்பி வந்திருக்கிறது. கோபமாகத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். குட்மார்னிங் பதில் சொல்ல வேண்டும்.

கையைக் காதில் தொலைபேசி போல வைத்துக்கொண்டு மேனேஜர் ஆங்கிலத்தில் சீறினார்.

"குட்மார்னிங் சார்," என்றார் குட்மார்னிங். "ஹவ் ஆர் யூ?"

மேனேஜர் இன்னும் உரக்கச் சீறினார்.

"ஐ ஆம் ஆல்சோ ஃபைன், சார்."

சட்டை, சட்டை என்று மேனேஜர் மேசையைத் தட்டினார். குட்மார்னிங் தன் களஞ்சியம் முழுவதையும் ஒரு தடவை துழாவினார். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"நைஸ் டு மீட் யூ, சார்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

அடுத்து பட்டதாரி போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவருக்கு எல்லாம் கேட்டது. "சாரி சார். வெரி சாரி. யுவர் ஷர்ட், ரெட் சாக்ஸ், சேம் வாட்டர். மிஸ்டேக் இஸ் மை மிஸ்டேக். ஐ வாஷ் அகெய்ன், ஐ கம் யுவர் ரூம், ஈவ்னிங்." எண்ணினால் வார்த்தைக்கு ஒரு தப்பு தேறும். ஆனால் கோபமாகக் கூப்பிட்ட மேனேஜர் தணிந்துபோய், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ரோஸ் சட்டைக்காரருக்கு வேண்டியது சட்டைதான் என்பது அப்போதுதான் குட்மார்னிங்குக்கு உறைத்தது.

நாற்காலி அவளுக்குப் போனது. அவள் அதில் உட்காராமல் நேராக உருளைக்கு வந்தாள்.

"உங்களாலதாண்ணே. அன்னைக்கு நீங்க எழுந்து பேசலைன்னா நான் படியிறங்கிப் போயிருப்பேன்."

"அது எனக்கு முதல் நாள் இல்லைம்மா," என்றார் அவர்.

அவள் விரிப்பின் முனையைப் பிடித்தாள். உதறினார்கள், நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்தார்கள்.

"தெரியும்ணே. ரெண்டாம் வாரமே டீச்சரம்மா சொல்லிட்டாங்க. சரி, நீங்க எப்ப பின்னாடி ரூமுக்கு வர்றீங்க?"

அன்று மாலை டை மாஸ்டர் படிக்கட்டின் உச்சியிலேயே காத்திருந்தார். "வாங்க சார், இன்னைக்கு நல்ல கூட்டம். போய் மூணாவது பெஞ்சுல..."

குட்மார்னிங் அவரைத் தாண்டி, பலகைத் தடுப்பைத் தாண்டி, பின் அறைக்குள் நுழைந்தார். தடுப்பின் வழியாகக் கேட்டுப் பழகிய குரல்களுக்கு எல்லாம் அங்கே முகம் இருந்தது. டீச்சரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். வணக்கம் சொல்ல விடவில்லை, பெயரைக் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் எழுந்து நின்றார். கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"டுடே மார்னிங்... ஐ ஆம் கோ இண்டர்வியூ. ஐ ஆம்... ஃபெயில்."

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சரம்மா சிரிக்கவில்லை. அந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, எங்கெங்கே சரிசெய்யலாம் என்று வகுப்பைக் கேட்டார். அவருடைய தோல்வியை ஆளுக்கொரு சொல்லாகப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். காது சுட்டது. உட்காரத் தோன்றவில்லை.

தடுப்புக்கு அந்தப் பக்கம் டை மாஸ்டர், "வாட் இஸ் யுவர் நேம்?" என்று கேட்பது காதில் விழுந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. அவர் மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை கொஞ்சம் உரக்க, தடுப்பைப் பார்த்து.

குட்மார்னிங்குக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தார்.